வடகடல் மின்வலை: தனிக் கேபிளா, தீவா, கண்ணி வலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகடலைச் சுற்றியுள்ள நாடுகள் கடலுக்குள் காற்றாலைகளை நட்டுக்கொண்டே போகின்றன. 2023 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகரில் 9 நாடுகள் கூடி, 2030-க்குள் 120 கிகாவாட், 2050-க்குள் குறைந்தது 300 கிகாவாட் என்று இலக்கு வைத்தன. கூடங்குளத்தின் ஓர் உலை 1 கிகாவாட் என்று நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். அவ்வளவு மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கேபிள்களை எப்படிக் கோப்பது என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை. இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

என்னென்ன வடிவங்கள் போட்டியில் இருக்கின்றன?

எளிதானது தனி இணைப்பு. ஒரு காற்றாலைப் பண்ணை, அதற்கு ஒரு கேபிள், அது தன் நாட்டுக் கரைக்கு நேராகப் போகும். இன்று வடகடலில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான்.

இரண்டு நாடுகளின் மின்கட்டமைப்பை நேரடியாக இணைக்கும் கேபிள்கள் தனி. காற்றாலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. நார்வே–நெதர்லாந்து இடையே 2008 முதல் ஓடும் 580 கி.மீ. நார்நெட், நார்வே–பிரிட்டன் இடையே 2021-இல் வந்த 720 கி.மீ. நார்த் சீ லிங்க், டென்மார்க்–பிரிட்டன் இடையே 2023 கடைசியில் வந்த 765 கி.மீ. வைக்கிங் லிங்க் எல்லாம் இந்த வகை.

இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் ஹைப்ரிட். காற்றாலையிலிருந்து இரண்டு நாடுகளுக்கும் கேபிள் போகும். காற்று வீசினால் காற்று மின்சாரம், ஓய்ந்தால் அதே கேபிளில் இரு நாட்டு வணிகம். பல காற்றாலைகளை ஒரு தீவிலோ மேடையிலோ சேர்த்து, அங்கிருந்து பல நாடுகளுக்குக் கிளை பிரித்தால் அது ஹப். ஹப்புகளையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டால் மீன்வலை மாதிரி கண்ணி கண்ணியாக ஆகிவிடும். ஒரு வழி அறுந்தாலும் மின்சாரம் வேறு வழியாகச் சுற்றிப் போகும்.

தனித்தனியாகவே போட்டுவிட்டுப் போகலாமே, என்ன நஷ்டம்?

கடல் காற்றாலை எப்போதும் முழு அளவில் ஓடாது. ஆண்டுச் சராசரியாக அதன் திறனில் 40, 50 சதவீதம் கிடைத்தாலே நல்ல இடம் என்பார்கள். அப்படியானால் அதற்கென்று போட்ட கேபிளும் சராசரியாகப் பாதி காலியாகவே கிடக்கிறது. கேபிள் மலிவான சாமான் இல்லை. நடுவில் செம்பு அல்லது அலுமினியம், அதைச் சுற்றிக் காப்புப் பொருள், நீர் புகாமல் ஈய உறை, வெளியே எஃகுக் கம்பிக் கவசம், கடைசியில் தார் தோய்த்த நூல் சுற்று. உயர் அழுத்தக் கேபிள் ஒரு மீட்டரே 40, 50 கிலோ இருக்கும். அதை நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்குக் கப்பலில் சுருட்டிக் கொண்டுபோய்க் கடலடியில் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும்.

கரையேறும் இடம் இன்னொரு தலைவலி. இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக வந்து, ஒவ்வொன்றும் ஏ.சி.யையும் டி.சி.யையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் பெரிய கன்வெர்ட்டர் நிலையம் ஒன்று கேட்கிறது. அந்தச் சின்ன ஊர்களின் மக்கள் "எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் செய்யக்கூடாதா?" என்று கேட்டுப் போராடுகிறார்கள். எனக்கு அது முழுக்க நியாயமான கேள்வியாகவே படுகிறது.

ஏ.சி.யா, டி.சி.யா?

ஏ.சி. என்பது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம், டி.சி. ஒரே திசையில் ஓடுவது. எது வேண்டும் என்பதைத் தூரம் முடிவு செய்யும். கடலடிக் கேபிளில் நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையே இருக்கும் காப்புப் பொருள் ஒரு நீண்ட மின்தேக்கியாகவே வேலை செய்கிறது. ஏ.சி. விநாடிக்கு 50 சுற்று மாறுவதால், ஒவ்வொரு தடவையும் அந்த மின்தேக்கியை நிரப்பவும் வடிக்கவும் மின்னோட்டம் வேண்டும். 220 கிலோவோல்ட் கேபிளில் ஒவ்வொரு கி.மீ.க்கும் சில ஆம்பியர் இப்படியே போய்விடும். 100 கி.மீ. நெருங்கும்போது, கேபிள் சுமக்கக்கூடியதில் பெரும்பகுதியை அதன் நிரப்பு மின்னோட்டமே பிடித்துக்கொள்ளும். பிரிட்டனின் ஹார்ன்ஸீ 1 காற்றாலை சுமார் 120 கி.மீ. தொலைவில் இருந்தும் ஏ.சி.யில் வருகிறது. ஆனால் அதற்காக, அந்த நிரப்பு மின்னோட்டத்தை ஈடுசெய்யும் நிலையம் ஒன்றை நடுக்கடலில் தனியாக நிறுத்த வேண்டியிருந்தது.

டி.சி.யில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக இரு முனையிலும் விலை உயர்ந்த கன்வெர்ட்டர் வேண்டும்.

டி.சி.யிலும் இரண்டு தலைமுறைகள் உண்டு. நார்நெட் பழைய வகை. அதில் மின்சாரம் போகும் திசையைத் திருப்ப வேண்டுமானால் மின்னழுத்தத்தின் நேர்–எதிர் முனையையே மாற்ற வேண்டும். இரண்டு முனை மட்டும் என்றால் பரவாயில்லை. மூன்றாவது நாடு ஒன்று அதே கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தால், ஒருவருக்காக மாற்றும்போது எல்லோருக்கும் மாறிவிடும். 1990-களின் கடைசியில் சுவீடனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய வகையில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும், மின்னோட்டம் மட்டும் திசை மாறும். கடலில் பல முனை வலை என்ற பேச்சே இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் நடைமுறைப் பேச்சானது.

ஹைப்ரிட் உண்மையிலேயே எங்காவது ஓடுகிறதா?

ஓடுகிறது. ஆனால் வடகடலில் இல்லை, பக்கத்துப் பால்டிக் கடலில். டென்மார்க்கின் கிரீகர்ஸ் ஃபிளாக் காற்றாலை 604 மெகாவாட். ஜெர்மனியின் பால்டிக் 2 காற்றாலை 288 மெகாவாட். இரண்டுக்கும் இடையே 30 கி.மீ. கூட இல்லை. ஒவ்வொன்றும் ஏற்கெனவே தன் கரையோடு இணைந்திருக்கிறது. நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச தூரத்துக்கு இரண்டு கேபிள் போட்டால் போதும், இரு நாடுகளும் கடல் வழியாக இணைந்துவிடும். 2020-இல் அப்படித்தான் இணைத்தார்கள். வணிகத்துக்கான திறன் சுமார் 400 மெகாவாட்.

படத்தில் பார்க்க இரண்டு புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்த மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அப்படியில்லை. டென்மார்க் பக்கம் 220 கிலோவோல்ட், ஜெர்மனி பக்கம் 150. எனவே கடல் மேடையில் இடையில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது சுலபம். பெரிய சிக்கல் வேறு: கிழக்கு டென்மார்க் நோர்டிக் நாடுகளின் கட்டமைப்போடு சேர்ந்து துடிக்கிறது, ஜெர்மனி ஐரோப்பியப் பெருநிலத்தோடு. இரண்டுமே 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் தாளம் ஒன்றல்ல. நேரடியாக இணைக்கவே முடியாது. முதலில் கடல் மேடையிலேயே கன்வெர்ட்டர் வைக்கும் யோசனை இருந்தது. செலவு தாங்கவில்லை. அப்புறம், ரோஸ்டாக் நகருக்குப் பக்கத்தில் பெண்ட்விஷ் என்ற இடத்தில், தரையில், இரண்டு கன்வெர்ட்டர்களை முதுகோடு முதுகு சேர்த்து வைத்தார்கள். ஏ.சி. உள்ளே வந்து, டி.சி.யாகி, அடுத்த கணமே வேறு தாளத்தில் ஏ.சி.யாக வெளியே போகிறது.

இதையெல்லாம் ஆட்டுவிக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் பெர்லினுக்கு அருகே நொயன்ஹாகனில் இருக்கிறது. காற்று எவ்வளவு வரும் என்ற கணிப்பை வைத்து, கேபிளில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று கணக்கிட்டுச் சந்தைக்குக் கொடுக்கிறது. காற்றாலைக்கு முதல் இடம், மிஞ்சியது வணிகத்துக்கு.

ஆரம்பத்தில் சுவீடனும் இந்தத் திட்டத்தில் சேர்வதாகப் பேச்சு இருந்தது. பிறகு விலகிக்கொண்டது. சேர்ந்திருந்தால் இது மூன்று நாட்டு முடிச்சாக இருந்திருக்கும் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

செயற்கைத் தீவு என்கிறார்களே, அது எந்த நிலையில் இருக்கிறது?

பெல்ஜியம் கட்டிக்கொண்டிருக்கிறது. கரையிலிருந்து சுமார் 45 கி.மீ. தள்ளி, இளவரசி எலிசபெத் தீவு. நெதர்லாந்தின் ஃப்ளிசிங்கன் துறைமுகத்தில் கான்கிரீட் பெட்டிகளை வார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் 58 மீட்டர் நீளம், 28 மீட்டர் அகலம், சுமார் 22,000 டன். உள்ளே வெற்றிடம் இருப்பதால் மிதக்கும். இழுவைப் படகுகள் கடலுக்கு இழுத்துப் போய், சரியான இடத்தில் தண்ணீர் நிரப்பி மூழ்கடித்து உட்கார வைக்கின்றன. இப்படி 23 பெட்டிகள் சேர்ந்தால் தீவின் சுற்றுச்சுவர். நடுவில் மணல் நிரப்பி, மேலே மின்நிலையம். 2025 வசந்த காலத்தில் முதல் பெட்டிகள் கடலில் இறங்கின.

தொடக்கத்தில் 220 கோடி யூரோ அளவில் சொல்லப்பட்ட மொத்தச் செலவு 700 கோடியைத் தாண்டியது. கன்வெர்ட்டர்களின் விலையேற்றம் அதில் பெரிய பங்கு. 2025-இல் டி.சி. பகுதிக்கான ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தார்கள். பிரிட்டனோடு இணைக்க வேண்டிய பகுதி அந்த டி.சி. பகுதிதான். தீவு எழும்பும், பெல்ஜியத்தின் காற்று மின்சாரம் ஏ.சி.யில் கரைக்கு வரும், ஆனால் நாடு கடந்த இணைப்பு காத்திருக்கும்.

டென்மார்க் 2020-இலேயே வடகடலில் ஓர் ஆற்றல் தீவு அறிவித்தது. முதலில் 3 கிகாவாட், பிறகு 10 வரை என்று திட்டம். செலவைப் பார்த்துத் தள்ளிப்போட்டு, இப்போது 2030-களின் பிற்பகுதிக்குப் போய்விட்டது. தீவு என்றால் முதல் நாளே மொத்தப் பணத்தையும் இறக்க வேண்டும், பயன் துண்டு துண்டாக வரும். அதுதான் இந்த வடிவத்தின் அடிப்படைப் பலவீனம்.

கண்ணி வலை காகிதத்தில் அவ்வளவு நன்றாக இருக்கிறதே, ஏன் யாரும் கட்டவில்லை?

சீனா கட்டியிருக்கிறது, தரையில். ஜாங்பெய் என்ற இடத்தில் 500 கிலோவோல்ட்டில் நான்கு நிலையங்கள் வளையமாக இணைந்து 2020 முதல் பெய்ஜிங்குக்கு மின்சாரம் தருகின்றன. ஐரோப்பாவில் கடலுக்குள் இன்னும் இல்லை.

முதல் காரணம் பிரேக்கர், அதாவது பழுது வந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கும்போது சின்னதாக ஒரு பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ.சி. விநாடிக்கு 100 தடவை சுழியை (பூஜ்ஜியத்தை) தொடுவதால், அந்தக் கணத்தில் பொறி தானே அணைந்துவிடும். டி.சி. சுழியைத் தொடவே தொடாது. பொறி எரிந்துகொண்டே இருக்கும். கூடவே, டி.சி. வலையில் ஓரிடத்தில் பழுது வந்தால் மின்னோட்டம் சில மில்லிவிநாடிகளில் பல மடங்கு ஏறிவிடும். அதற்குள் துண்டிக்க வேண்டும். 2012-இல் ஏபிபி நிறுவனம் மின்னணுக் கருவியையும் இயந்திரச் சுவிட்சையும் சேர்த்து இதற்கு ஒரு வழி காட்டியது. ஜாங்பெயில் உள்ளவை சுமார் 3 மில்லிவிநாடியில் துண்டிக்கின்றன. ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் கருவி பெரியது. தரையில் ஒரு கூடம் கட்டி வைத்துவிடலாம். கடல் மேடையில் ஒவ்வொரு சதுர மீட்டரும் பணம்.

பிரேக்கர் இல்லாமல் செய்ய முடியாதா என்றால், சிறு வலையில் முடியும். பழுது வந்தால் எல்லா முனைகளையும் ஏ.சி. பக்கத்திலேயே துண்டித்து, கெட்ட கேபிளைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட விடலாம். ஒரே நேரத்தில் இழக்கும் மின்சாரம் எவ்வளவு என்பதுதான் வரம்பு. ஐரோப்பியப் பெருநிலக் கட்டமைப்பு 3,000 மெகாவாட் திடீர் இழப்பைத் தாங்கும்படி இயக்கப்படுகிறது. பிரிட்டனுக்கு 1,800. அதற்குள் நிற்கும் வலைக்கு பிரேக்கர் இல்லாமலும் சமாளிக்கலாம்.

இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது. ஒரு கம்பெனியின் கன்வெர்ட்டர் இன்னொரு கம்பெனியின் கன்வெர்ட்டரோடு பேச வேண்டும். இரண்டு முனையையும் ஒரே கம்பெனி கட்டும்வரை பிரச்சினை இல்லை. ஐந்து முனை, மூன்று கம்பெனி என்றால் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் மோதி மின்னழுத்தம் ஆடத் தொடங்கலாம். தன் மென்பொருளின் உள்விவரத்தை எந்தக் கம்பெனியும் திறந்து காட்டாது. இதைச் சீர்செய்யத்தான் ஐரோப்பாவில் 2023-இல் இன்டர்ஒபெரா திட்டத்தைத் தொடங்கினார்கள்.

விலை எங்கே நிர்ணயமாகிறது? இது ஏன் இவ்வளவு பெரிய சண்டை?

இதுதான் விஷயத்தின் மையம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை.

நடுக்கடலில் ஒரு காற்றாலை 600 மெகாவாட் தருகிறது. 'அ' நாட்டுக்கும் 'ஆ' நாட்டுக்கும் தலா 1,000 மெகாவாட் கேபிள். இந்த மணி நேரத்தில் 'அ'வில் விலை ஒரு மெகாவாட்-மணிக்கு 90 யூரோ, 'ஆ'வில் 40. எல்லோரும் 'அ'வுக்கு விற்கத்தான் பார்ப்பார்கள். காற்றாலையின் 600-உம் 'ஆ'விலிருந்து வரும் 400-உம் சேர்ந்து 'அ' கேபிள் நிரம்பிவிடுகிறது.

காற்றாலைக்கு என்ன விலை? அது 'அ' நாட்டின் சந்தையில் சேர்ந்தது என்று வைத்தால் 90. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 மின்சந்தை விதிப்படி, நாடு கடந்த கேபிளின் திறனில் குறைந்தது 70 சதவீதத்தை வணிகத்துக்குத் திறந்துவிட வேண்டும். இங்கே 700. காற்றாலைக்குப் போக மிஞ்சுவதோ 400. விதி உடைகிறது. கிரீகர்ஸ் ஃபிளாக்குக்கு 2020-இல் சிறப்பு விலக்கு கொடுக்க வேண்டி வந்தது இதனால்தான்.

காற்றாலை இருக்கும் கடற்பகுதியையே தனி விலை மண்டலமாக அறிவித்தால் விதிச்சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் 'ஆ' பக்கக் கேபிளில் இன்னும் இடம் இருப்பதால் கடல் மண்டலத்தின் விலை 'ஆ' விலையோடு ஒட்டிக்கொள்ளும், அதாவது 40. காற்றாலை அதே மின்சாரத்தை அதே 'அ' நாட்டுக்கு அனுப்பியும் மெகாவாட்-மணிக்கு 50 யூரோ குறைவாகப் பெறுகிறது. 600 மெகாவாட்டுக்கு மணிக்கு 30,000 யூரோ. அந்தப் பணம் கேபிள் வைத்திருப்பவருக்குப் போகிறது. கேபிளின் இரு முனை விலை வித்தியாசத்தால் வரும் இதற்கு நெரிசல் வருமானம் என்று பெயர்.

மொத்த நாட்டுக் கணக்கில் பணம் எங்கும் தொலையவில்லை. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. ஆனால் காற்றாலை கட்டப் பணம் போடுபவர் தன் பையைத்தான் பார்ப்பார். 2024 சந்தைச் சீர்திருத்தத்தில், கேபிள் இடம் குறைக்கப்பட்டால் காற்றாலைக்கு நெரிசல் வருமானத்திலிருந்து ஈடு தரும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். இந்த உதாரணத்தில் வரும் விலை வித்தியாசம் முழுவதையும் அது ஈடுகட்டாது.

நார்வேயும் சுவீடனும் ஏன் பின்வாங்கின?

கேபிள் மின்சாரத்தோடு விலையையும் கொண்டுவரும். 2024 டிசம்பர் 12 மாலை ஜெர்மனியில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. ஒரு மணி நேரத்தில் விலை மெகாவாட்-மணிக்கு 936 யூரோ வரை ஏறியது. நீர்மின்சாரத்தில் பழகிய தெற்கு நார்வேயிலும் கேபிள்கள் வழியாக விலை பறந்தது. குளிர்காலத்தில் மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் மக்களுக்கு அது நேரடி அடி. டென்மார்க்குக்குப் போகும் பழைய கேபிள்களைப் புதுப்பிக்கவே வேண்டாம் என்ற குரல் அங்கே வலுத்தது. அதற்கு முன்பே, சோர்லிகே நோர்ட்ஷோ 2 காற்றாலையின் முதல் கட்டத்தை நார்வே கரைக்கு மட்டும் தனி இணைப்பாகப் போட அரசு முடிவெடுத்திருந்தது. சுவீடன் 2024 ஜூனில் ஜெர்மனிக்கான 700 மெகாவாட் ஹன்சா பவர்பிரிட்ஜ் கேபிளை நிராகரித்தது.

இவர்களைச் சுயநலம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. லாபம் கேபிள் கம்பெனிக்கும் மின்உற்பத்தியாளருக்கும், பில் மட்டும் வீட்டுக்கு என்றால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

கேபிள் அறுந்தால்?

2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்து–எஸ்டோனியா இடையே 650 மெகாவாட் எஸ்ட்லிங்க் 2 கேபிள் சேதமானது. ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்ததாகச் சந்தேகம். சரிசெய்து மறுபடி ஓடவிட ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. கண்ணி வலைக்கு ஆதரவாக நான் பார்த்தவற்றில் இதைவிட வலுவான வாதம் இல்லை. தனி இணைப்பாக இருக்கும் ஒரு காற்றாலையின் கேபிள் இப்படிப் போனால், அத்தனை மாதமும் விசிறிகள் சும்மா நிற்க வேண்டியதுதான்.

சரி, உங்கள் தேர்வு எது?

கிரீகர்ஸ் ஃபிளாக் வழி. இன்று தனி இணைப்பாகவே கட்டுங்கள், ஆனால் நாளை பக்கத்து வீட்டோடு கோப்பதற்கு இடம் விட்டுக் கட்டுங்கள். மின்கட்டமைப்பை நடத்தும் டென்னெட் நிறுவனம் ஜெர்மனி, நெதர்லாந்து கடற்பகுதிகளுக்கு 2 கிகாவாட், 525 கிலோவோல்ட் என்று ஒரே அளவை நிர்ணயித்து, மேடைகளை ஒரே அச்சில் வார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மின்னழுத்தம் ஒன்றாக இருந்தால் பிறகு இணைப்பது எளிது. பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே திட்டமிடப்பட்டுள்ள லயன்லிங்க், அப்படியான ஒரு நெதர்லாந்து மேடையில்தான் வந்து சேர இருக்கிறது.

2010 டிசம்பரில் 10 நாடுகள் வடகடல் வலைக்காக ஒப்பந்தம் போட்டு, 2012-இல் தனி இணைப்பையும் கண்ணி வலையையும் ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டன. அன்று எதிர்பார்த்த காற்றாலை அளவுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்றைய இலக்கு பல மடங்கு. அளவு ஏற ஏறப் பகிர்வின் லாபமும் ஏறும். அதனால் பழைய முடிவை இன்றும் மேற்கோள் காட்டுவது தவறு.

பாக் நீரிணைக்கு இதில் பாடம் உண்டா?

இந்தியா–இலங்கை மின் இணைப்புப் பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2025 ஏப்ரலில் இரு அரசுகளும் மறுபடி புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. நீண்ட காலம் பேசப்பட்ட வடிவம் மதுரை–அனுராதபுரம், மொத்தம் 1,000 மெகாவாட், அதை 500, 500 ஆக இரண்டு கட்டமாக. இலங்கையின் உச்சத் தேவையே 3,000 மெகாவாட்டுக்குள்தான். 1,000 மெகாவாட் ஒரே இணைப்பாக ஓடி அறுந்தால் தீவே இருண்டுவிடும். 2025 பிப்ரவரியில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரே பழுது நாடு முழுவதையும் இருட்டாக்கியதைப் பார்த்தோம். ஆகவே 500, 500 என்று பிரித்தது சரி.

ஹைப்ரிட் பற்றித்தான் நான் கேட்பேன். மன்னாரில் நல்ல காற்று. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை மானியம் ஒதுக்கியது. இந்த இணைப்புக்கு எந்த வகைக் கன்வெர்ட்டர் என்று முடிவாகும்போது, மூன்றாவது முனையை ஏற்கக்கூடிய புதிய வகையா என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுத வேண்டும். அந்த வகை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டின் புகளூர் நிலையத்திலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட் 2021 முதல் அந்தத் தொழில்நுட்பத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது.